மூன்று பூஜ்ஜியங்களும் ஒரு கதவும்

அத்தியாயம் 9

உடையார்பாளையம் முந்திரி ஆலை வாசலில் நாங்கள் இறங்கியபோது மணி பதினொன்று. நான்கு மணிக்குள் சுமதி என்ற பெண் திருடியா இல்லையா என்று கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அவர் திருடிதான் என்று ஆலை முதலாளி ராசாங்கம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தார். நியாயமான மனிதர். ஐந்து மணி நேரம் அவகாசம் கொடுத்திருந்தாரே.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக இரண்டு பஸ் மாறி வந்ததில், சிமெண்ட் லாரிகள் என் சட்டையைச் சுண்ணாம்பு அடித்த சுவராக ஆக்கியிருந்தன. என் பெயர் நல்லதம்பி. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் 'ஜெயசித்ரா துப்பறியும் நிலைய'த்தின் ஒரே உதவியாளன். பயப்படுவது என் முழுநேர வேலை. உதவுவது இடையிடையே.

ஜெயசித்ரா அக்கா பன்னிரண்டு வருடம் கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தவர். மையத்தை மூடியதும் துப்பறிய வந்துவிட்டார். விரல்களைப் பார்த்தே ஒருவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன் என்பார். இதுவரை அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

காலை ஏழு மணிக்கு ராசாங்கமே போன் செய்திருந்தார். எத்தனையோ பேர் இருக்க நம்மைத் தேடிப் பிடித்திருக்கிறாரே என்ற பெருமையில் நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆலைக்குள் எல்லார் கழுத்திலும் அட்டை தொங்கியது. வாசல் காவலாளி எங்கள் கழுத்திலும் ஆளுக்கொரு விருந்தாளி அட்டையை மாட்டினார். வாசலில் படுத்திருந்த நாய்க்கு இன்னும் போடவில்லையா என்று கேட்டேன். அதற்குத் தனி ஆர்டர் வரவேண்டும் என்று அவர் சிரிக்காமல் சொன்னார். ராசாங்கம் மட்டும் வெள்ளை வேட்டியும் தங்கச் சங்கிலியுமாக அட்டை இல்லாமல் வந்து எங்களை வரவேற்றார்.

விஷயத்தை அவர் சுருக்கமாகச் சொன்னார். ஆலையின் சரக்கு அறைக் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். வியாழக்கிழமை மதியம் ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அது சுமதியின் அட்டைக்குத் திறந்திருக்கிறது. அன்று சாயங்காலம் பார்த்தால், உள்ளே இருந்த நான்கு டின் மாதிரிப் பருப்பைக் காணோம். மொத்தமாக வாங்கப்போகும் வியாபாரிக்குக் காட்ட எடுத்து வைத்த டின்கள். அந்த வியாபாரி நாளை வருகிறார். ஆகவே நேற்று காலை ராசாங்கம், பருப்பு உரிக்கும் கொட்டகையில் நூறு பெண்களுக்கு நடுவில் நின்று, சுமதிதான் எடுத்தார் என்று அறிவித்துவிட்டார். அறிவித்த பிறகு விசாரிக்கலாம் என்று இன்று எங்களை அழைத்திருக்கிறார். எந்த வேலையையும் இப்படி வரிசையாகச் செய்பவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்கும்.

"மெஷின் பொய் சொல்லாதுங்க," என்றார் ராசாங்கம். "நாலு மணிக்குள்ள எழுதிக் குடுத்துட்டா வேலையோட போயிரும். இல்லன்னா ஸ்டேஷன். ஒரு பொம்பளப் புள்ளைய ஸ்டேஷனுக்கு அனுப்ப எனக்கு மனசு வருமா?"

மேசையில் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது. 'டின்களை நான்தான் எடுத்தேன்.' பக்கத்தில் மூடி திறந்த புதுப் பேனா. மனசு வராதவருக்குப் பேனா மட்டும் வந்திருந்தது.

சுமதிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எட்டு வருடம் கொட்டை உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து, போன வருடம்தான் சூப்பர்வைசர் ஆனவர். அவர் தெருவிலிருந்து இந்த ஆலையில் சாவியோடு நடந்த முதல் ஆள். வியாழக்கிழமை ஒரு மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று அக்கா கேட்டார். பின்பக்க வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். யாராவது பார்த்தார்களா என்றதற்கு இல்லை என்று தலையாட்டினார்.

"சூப்பர்வைசர் ஆனதுலேருந்து யாரும் எங்கூட ஒக்காந்து சாப்புடுறதில்லங்க."

"கார்டு?"

"கழுத்துலதாங்க இருந்துச்சு. கழட்டக் கூடாதுன்னு ஆர்டரு. எட்டு வருசத்துல ஒரு பருப்ப எடுத்து வாயில போட்டதில்லங்க. இப்ப இதுல கையெழுத்துப் போட்டா எங்க தெருவுல இனிமே யாரையும் எந்த ஆலையிலயும் சாவி குடுத்து வெக்க மாட்டாங்க. அதான் போட மாட்டேங்குறேன்."

அக்கா எட்ட நின்றே அவர் கழுத்தைப் பார்த்தார். அட்டையின் மேல் பத்து இலக்கத்தில் ஓர் எண் அச்சிட்டிருந்தது: 0004718203. எனக்கே படிக்க முடிந்தது. என் கண்ணாடியின் லட்சணம் ஊருக்குத் தெரியும்.

சரக்கு அறைக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதன் தலையில் அட்டையைக் காட்டுவதற்கான ரீடர். ரீடரின் ஒயர் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த யூஎஸ்பி துளையில் செருகியிருந்தது, நாம் பென் டிரைவ் செருகுவோமே, அதே துளை. ராசாங்கம் போனில் பேச நகர்ந்ததும் அக்கா நகவெட்டியால் பெட்டியின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, அதன் முதுகில் கட்டைவிரல் நகம் அளவில் பசை போட்டு ஒட்டிய இன்னொரு போர்டு, ஓரத்தில் ஒரு மெமரி கார்டு. முதல் இரண்டையும் போட்டோ எடுத்தார். மூன்றாவதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அக்கா, திருட்டக் கண்டுபுடிக்க வந்த எடத்துல நாம ஒரு திருட்டப் பண்றோம்," என்றேன்.

"பெட்டியச் செஞ்சவர்கிட்ட காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துருவோம். இதுக்குப் பேரு சர்வீஸ்."

பெட்டியைச் செய்தவர் அரியலூரில் இருந்தார். போகாதீர்கள், நேரம் வீண், அட்டைதான் சாட்சி என்று ராசாங்கம் மூன்று முறை சொன்னார். நான் முதல் முறையிலேயே ஒப்புக்கொண்டேன். அக்கா அதற்குள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

---

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரேம்குமாரின் 'புராஜெக்ட் சென்டர்' இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பொறியாளர்களை உருவாக்குவது கல்லூரிகள் என்று அதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசி வருட மாணவர்கள் வந்து, இரண்டு நாளில் ஒரு கண்டுபிடிப்பை வாங்கிக்கொண்டு போகும் கடை அது. கண் தெரியாதவருக்கான கைத்தடி மட்டும் அலமாரியில் ஏழு இருந்தது. இதுவரை விற்ற தடிகளில் ஒன்றாவது கண் தெரியாதவர் கைக்குப் போனதுண்டா என்று கேட்டேன். புரொபசர் கைக்குப் போனால் போதும் என்றார் பிரேம்குமார். டிப்ளமோ முடித்து, அறுபது பேரை இன்ஜினியர் ஆக்கிய மனிதர்.

பெட்டியின் போட்டோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அந்த நகம் அளவு போர்டு என்ன வேலை செய்கிறது என்று அக்கா கேட்டார்.

"யூஎஸ்பி ஒயர்ல ஒரு பக்கம் முதலாளி, இன்னொரு பக்கம் வேலக்காரன்க்கா. முதலாளி கேக்காம வேலக்காரன் வாயத் தொறக்க மாட்டான். கம்ப்யூட்டரு முதலாளி. கீபோர்டு, மவுஸு, பென் டிரைவு எல்லாம் வேலக்காரன். இந்தத் தீப்பெட்டி அளவு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு இருக்கே, இதுவும் வேலக்காரன்தான். இதுல போய் ரீடரச் செருகுனா என்ன ஆவும்?"

ஒன்றும் ஆகாது என்பது எனக்கே விளங்கியது. இரண்டு வேலைக்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, முதலில் நீ சொல், முதலில் நீ சொல் என்று காத்திருப்பார்கள். நான் பார்த்த பல ஆபீஸ்கள் அப்படித்தான் நடக்கின்றன.

முன்பு இருந்த ரீடர் சாதாரண ஒயர் வகையாம். மே மாதம் இடி விழுந்து கருகிவிட்டது. அவசரத்துக்கு யூஎஸ்பி ரீடர்தான் கிடைத்தது. முழுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைக்க ராசாங்கம் தயாராக இல்லை. அதனால் பிரேம்குமார் அந்த நகம் அளவு போர்டை ஒட்டி, தீப்பெட்டி போர்டுக்கு முதலாளி பதவி கொடுத்துவிட்டார். ஹோஸ்ட் என்று பெயர். வேலைக்காரனுக்குக் கரண்ட் கொடுப்பது, பேரைக் கேட்பது, வேலை வாங்குவது எல்லாம் இனி அந்த நகம் அளவு போர்டின் பொறுப்பு.

"பேரக் கேட்டா ரீடரு என்னன்னு சொல்லும்?" என்றார் அக்கா.

"கீபோர்டுன்னு சொல்லும்க்கா. எல்லா ரீடரும் அப்டித்தான். கார்டக் காட்டுனா, அந்தப் பத்து நம்பரத் தட்டி என்டர அமுக்கும். அவ்ளோதான் அதோட வேல."

"அப்ப நெஜக் கீபோர்டு ஒண்ணு வந்து நானும் கீபோர்டுதான்னு சொன்னா?"

பிரேம்குமார் பின்கழுத்தைச் சொறிந்தார். அவருடைய பின்கழுத்து அதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஆலைக்காரர் இரும்புக் கதவும் மின்சாரப் பூட்டும் போட்டிருக்கிறார். யார் வந்து கீபோர்டு என்று சொன்னாலும் வாங்க, உட்காருங்க என்று சொல்லும் ஒரு வாயிற்காப்போனை வைத்திருக்கிறார்.

அக்கா மெமரி கார்டை நீட்டினார். புரோகிராம் எழுதும்போது பிரேம்குமார், எந்த பட்டன் அமுக்கப்படுகிறது என்பதை நேரத்தோடு அதில் பதியும்படி சோதனைக்காகப் போட்டு வைத்தாராம். வேலை முடிந்ததும் எடுத்துவிட மறந்துவிட்டாராம். ஒருவர் வேலையை அரைகுறையாக விட்டதற்காக அவரைக் கட்டிப்பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

வியாழக்கிழமை மதியத்துக்குப் போனோம். ஒரு மணி ஒன்பதுக்கு ரீடர் பிடுங்கப்பட்டு வேறு ஏதோ செருகப்பட்டிருந்தது. ஒரு மணி பத்துக்கு ஏழு இலக்கம் வந்தது: 4718203. கதவு மறுத்திருந்தது. ஒரு மணி பன்னிரண்டுக்குப் பத்து இலக்கமும் வந்தது. கதவு திறந்தது. ஒரு மணி பதினான்குக்கு ரீடர் மறுபடி தன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆலையின் கம்ப்யூட்டர் பதிவேட்டில் இதில் எதுவும் இல்லை. 'சுமதி, 1:12' என்று மட்டும்தான் இருந்தது.

அக்காவின் விரல் அந்த ஏழு இலக்க வரியில் நின்றது.

"ரீடருக்குச் சோம்பல் கெடையாது தம்பி. முன்னாடி நிக்கிற மூணு சைபரையும் அது தட்டியே தீரும். மனுசன்தான், முன்னால நிக்கிற சைபருக்கு என்ன மதிப்புன்னு வுட்டுட்டுத் தட்டுவான். கதவு தொறக்கலன்னதும் கார்டு நம்பர மறுபடி பாத்து முழுசா தட்டிருக்கான்."

"சுமதியே தட்டிருக்கலாமே?"

"கழுத்துல தொங்குற கார்டக் காட்டாம, எங்கயோ போய் ஒரு கீபோர்டத் தேடிக் கொண்டாந்து, தன்னோட நம்பரையே தப்பாத் தட்டி மாட்டிக்குவாங்களா? அவ்ளோ மூள நமக்குத்தான் வரும்."

'நமக்கு' என்று அவர் என்னையும் சேர்த்துக்கொண்டது ஆறுதலாக இருந்தது.

பிறகு அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டைப்பிங் டீச்சர் விழித்துக்கொண்டுவிட்டார். மெமரி கார்டில் இருந்தவை நேரடி இலக்கங்கள் அல்ல. கீபோர்டின் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டாம், பிரேம்குமார் அட்டவணையை எடுத்துக் காட்டினார். கீபோர்டில் ஒன்று முதல் சைபர் வரை இரண்டு இடங்களில் இருக்கிறதல்லவா? மேல் வரிசையில் இருப்பவற்றுக்கு முப்பதிலிருந்து முப்பத்தொன்பது வரை. வலது ஓரத்தில் கட்டமாக இருக்கும் நம்பர் பேடுக்கு எண்பத்தொன்பதிலிருந்து தொண்ணூற்றெட்டு வரை. கதவுக்கு எல்லாம் நான்குதான், ஏழுதான். அட்டவணைக்கு மட்டும் அது எந்த நான்கு என்று தெரியும்.

ஐந்து மாதப் பதிவிலும் எல்லா வரிகளும் முப்பதுகளில் இருந்தன. அந்த இரண்டு வரிகள் மட்டும் தொண்ணூறுகளை ஒட்டி இருந்தன.

"நம்பர் பேடு வெச்ச கீபோர்டு," என்றார் அக்கா. "அந்த ஆபீஸ்ல எத்தன இருந்துச்சு?"

நான் பயத்தில் அறையின் எல்லா மூலைகளையும் பார்க்கும் பழக்கமுள்ளவன். மூன்று சின்ன லேப்டாப், எதிலும் நம்பர் பேடு இல்லை. கணக்கர் பாலாஜியின் மேசையில் மட்டும் ஒரு பெரிய கீபோர்டு. வலது ஓரத்தில் எண்கள் தேய்ந்துபோயிருந்தன.

புறப்படும்போது அக்கா, இந்தப் புரோகிராமை ரீடருக்கு மட்டும்தானே எழுதினீர்கள் என்று ஒரு முறை கேட்டுக்கொண்டார். ஆமாம், ரீடருக்கு மட்டும்தான் என்றார் பிரேம்குமார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே நேராக இருந்த ஏழு கைத்தடிகளையும் மறுபடி நேராக அடுக்கினார்.

---

திரும்பி வரும் பஸ்ஸில் நான் பாலாஜியை மூன்று விதமாகப் பிடித்துப் பார்த்தேன். மூன்றிலும் அவர் என்னை அடித்தார். மணி இரண்டே முக்காலுக்கு ஆலைக்குள் போனபோது, அவர் பேப்பரைப் பார்த்தபடி, கீபோர்டைப் பார்க்காமல், வலது கையின் மூன்று விரல்களால் நம்பர் பேடில் மழை பொழிந்துகொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஓடத் தோதாக வாசலில் நின்றுகொண்டேன். பாலாஜி ஓடாமல் தடுப்பதற்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் எங்கே இருந்தீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, இந்த நாற்காலியில்தான், தனியாகத்தான் என்றார் பாலாஜி. நான் மனதுக்குள் வழக்கை முடித்துவிட்டேன். பெரம்பலூர் போய்ச் சேர்ந்ததும் பெயர்ப்பலகைக்குப் புது பெயிண்ட் அடிக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அக்கா மேசைக்கு அடியில் தவழ்ந்து போனார். கீபோர்டு ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், கம்ப்யூட்டரின் முதுகில் அதன் முனையைப் பிடுங்கி வெளியே காட்டினார்.

தட்டையான யூஎஸ்பி முனை அல்ல அது. கத்தரிப்பூ நிறத்தில், வட்டமாக, உள்ளே ஆறு குச்சிகள். பாலாஜியின் கம்ப்யூட்டர் அவர் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. அந்த வட்ட முனையைக் கதவுப் பெட்டியின் தட்டைத் துளையில் செருக வேண்டுமானால் சுத்தியல் வேண்டும். செருகினாலும் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பாலாஜி இதில் எதையும் கவனிக்கவில்லை. காலையிலிருந்து அடித்ததை இன்னும் சேவ் செய்யவில்லை, இந்தப் பழைய கீபோர்டைப் பிடுங்கினால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் மறுபடி வேலை செய்யும் என்று அழாக்குறையாகச் சொன்னார். ஒரே ஒரு நிரபராதியைக் கண்டுபிடித்து, அவருடைய அரை நாள் வேலையையும் ஒழித்துவிட்டு வெளியே வந்தோம். மணி மூன்று இருபது.

சுமதி அதே இடத்தில், அதே கடிதத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ராசாங்கம் அவர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கச் சொல்லியிருந்தார். அக்கா எவ்வளவோ வழக்குகளில் தோற்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். இத்தனை அமைதியாக ஒருவர் நம்மை நம்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததில்லை.

அக்கா படியில் உட்கார்ந்து, காற்றில் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார். வலது கை. நான்கு, ஏழு, ஒன்று, எட்டு. திடீரென்று விரல்கள் நின்றன.

"தம்பி, அந்த ரீடரு முப்பதுகள்லதான பேசும்?"

"ஆமாங்க்கா."

"அப்ப அந்தப் போர்டு முப்பதுகளப் புரிஞ்சுக்கிட்டா போதும். எழுதிக் குடுக்காத எதுவும் அதுக்குத் தெரியாது. தொண்ணூறுல பேசுனா அது முழிக்கணும். முழிக்கல. ஏழு நம்பர்னு எண்ணி மறுத்துச்சு, பத்து வந்ததும் தொறந்துச்சு. அதுக்குத் தொண்ணூறக் கத்துக் குடுத்தது யாரு?"

எனக்குக் கைத்தடிகள் நினைவுக்கு வந்தன. நேராக இருந்தவற்றை மறுபடி நேராக்கிய கைகள்.

போனில் பிரேம்குமார் முதலில் சிக்னல் சரியில்லை என்றார். சிக்னல் நன்றாக இருந்தது. ஒரு பெண் நாற்பது நிமிடத்தில் ஸ்டேஷனுக்குப் போகிறார், அங்கே கேட்டால் பெட்டியைச் செய்தவர் யார் என்று நாங்களும் சொல்ல வேண்டிவரும் என்று அக்கா சாந்தமாகச் சொன்னார். பிரேம்குமாருக்கு உடனே சிக்னல் சரியாகிவிட்டது.

"அக்கா, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருந்தாரு. சொந்த ஆலைக்குள்ள வேலக்காரன் மாதிரி கழுத்துல அட்டையத் தொங்கவுட்டுக்கிட்டு அலையணுமான்னு கேட்டாரு. அதான், கையகலத்துல ஒரு யூஎஸ்பி நம்பர் பேடு வாங்கிக் குடுத்து, அவருக்குன்னு தனி நம்பரும் போட்டேன். ரீடரப் புடுங்கிட்டு அதச் செருகித் தட்டுனா தொறக்கும். வாங்குனதோட சரி, கார்லயே போட்டு வெச்சிருக்காருக்கா."

யார் என்று அக்கா கேட்கவே இல்லை. இந்த ஆலையில் அட்டை மாட்டாத கழுத்து ஒன்றுதான். நாய்க்கும் ஆர்டர் நிலுவையில் இருந்தது.

"அக்கா," என்றேன். "நம்மளக் கூப்புட்டதே அவருதான."

"அதான் எனக்கும் புரியல. வா, கேட்டுருவோம்."

---

மூன்று ஐம்பதுக்கு ராசாங்கத்தின் அறையில் அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மூன்று பூஜ்ஜியம், தொண்ணூறுகள், பாலாஜியின் வட்ட முனை, காருக்குள் இருக்கும் நம்பர் பேடு. நான் கதவருகே, வெளியே விழத் தோதாக நின்றேன். ராசாங்கம் சங்கிலியைத் தடவியபடி சிரித்தார். தன் ஆலையில் தானே திருட அவருக்கென்ன தலையெழுத்தா என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. அக்கா சுமதி பக்கம் திரும்பினார்.

"அந்த நாலு டின்னுலயும் லேபிள் எழுதுனது யாரு?"

"நான்தாங்க. எந்த டின்னா இருந்தாலும் நான்தான் எழுதுவேன்."

"என்ன எழுதுனீங்க?"

"உள்ளத எழுதுனேன். வெளிநாட்டுக் கொட்டைன்னு. நம்மூருக் கொட்ட அப்பவே தீந்துபோச்சுங்களே. நம்மூருக் கொட்டைன்னு மாத்தி எழுதுன்னு அய்யா சொன்னாரு. அதெப்புடிங்க, எம் பேருல்ல கீழ இருக்குன்னேன். சரி வுடுன்னுட்டாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கடிதத்தைப் பார்த்தார். பிறகு ராசாங்கத்தைப் பார்த்தார். "அதுக்காங்கய்யா?"

நாளை வரும் வியாபாரி உடையார்பாளையத்துக் கொட்டையைத்தான் கேட்டிருந்தார். டின்னும் இருக்கக் கூடாது, அதில் எழுதிய கையும் இருக்கக் கூடாது. முதலாளி இரண்டையும் ஒரே கதவு வழியாக வெளியே அனுப்பப் பார்த்திருக்கிறார். தன் தனி நம்பரைத் தட்டினால் தன் பெயர் பதியும் என்பதால் சுமதியின் நம்பரைத் தட்டியிருக்கிறார். ஒரே திருட்டில் இரண்டு வேலையை முடிக்கும் சிக்கனக்காரர்.

இதற்கெல்லாம் சாட்சி எங்கே என்றார் ராசாங்கம். அக்கா மெமரி கார்டை மேசை மேல் வைத்தார். நாளை வருபவரிடம் இதைப் படித்துக் காட்டலாம், பிரேம்குமாரும் வந்து விளக்குவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் ராசாங்கத்தின் கை சங்கிலியிலிருந்து இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபத்தைவிட அதில் ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது.

"பெரம்பலூருல நாலு பேருகிட்ட விசாரிச்சேன்," என்றார். "இதுவரைக்கும் ஒரு கேஸக்கூடக் கண்டுபுடிக்காத ஆளுன்னு ஒங்களத்தான் சொன்னாங்க."

காலையில் கூடுதலாகச் சாப்பிட்ட இரண்டு தோசைகளும் வயிற்றில் புரண்டு படுத்தன. அக்கா மட்டும் அசையவில்லை.

"சரியாத்தான் விசாரிச்சிருக்கீங்க. கண்டுபுடிச்ச மொதக் கேஸு இதான்."

அதன் பிறகு ராசாங்கம் பெருந்தன்மைக்கு மாறினார். கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். நடந்தது நடந்துவிட்டது, திங்கட்கிழமை சுமதி எப்போதும் போல வேலைக்கு வரட்டும், யாரும் எதுவும் பேச வேண்டாம், எல்லாரும் மறந்துவிடலாம் என்றார். தன் தவறைத் தானே மன்னித்துவிடும் மனது எல்லாருக்கும் வராது.

சுமதி எழுந்து நின்றார்.

"நேத்து எங்க நின்னு சொன்னீங்களோ, அங்கயே வந்து சொல்லுங்கய்யா."

அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம் என்றார் ராசாங்கம். சுமதி தலையாட்டினார், இல்லை என்று. பாலாஜியை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்றார். அதற்கும் இல்லை. பாலாஜி அப்போதுதான் கம்ப்யூட்டரை மறுபடி உயிர்ப்பித்திருந்தார், அவரை விட்டுவிடுவதே நல்லது என்று எனக்கும் தோன்றியது. கடைசியில் அக்கா மெமரி கார்டை மெதுவாகக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். அந்தச் சத்தத்துக்கு முதலாளி எழுந்துவிட்டார்.

உரிக்கும் கொட்டகையில் நூறு பெண்கள். வறுத்த கொட்டையின் வாசம் மூக்கைப் பிடித்தது. ராசாங்கம் நடுவில் போய் நின்றதும் உடைக்கும் மெஷினை யாரோ நிறுத்தினார்கள். நூறு முகங்கள் நிமிர்ந்தன. சுமதி அவருக்கு நான்கடி தள்ளி, கைகளைக் கட்டாமல், நேராக நின்றார்.

"டின்னு கெடச்சிருச்சு," என்றார் ராசாங்கம். "சுமதி எடுக்கல. எல்லாரும் வேலையப் பாருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினார். இரண்டு அடிகூட வைத்திருக்க மாட்டார்.

"எங்க கெடச்சதுன்னு சொல்லுங்கய்யா," என்றார் சுமதி. குரலை உயர்த்தவே இல்லை.

ராசாங்கம் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கைப்பையைப் பார்த்தார்.

"என் கார்ல."

"நாலுமாங்க?"

இந்தக் கேள்வியை எங்களில் யாரும் யோசிக்கவில்லை. நான்கு டின்களைக் கையாலேயே தரம் பிரித்து, அடைத்து, சீல் வைத்த பெண்ணுக்குத்தான் அது தோன்றும். ராசாங்கம் மேலே சுற்றும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அதில் விடை எழுதியிருக்கவில்லை.

"மூணு," என்றார். "ஒண்ண வூட்ல பாயாசத்துக்குப் பிரிச்சுட்டாங்க."

முதலில் சிரித்தது கடைசி வரிசையில் யாரோ. அடுத்த வரிசை சேர்ந்துகொண்டது, அதற்கடுத்த வரிசையும். முந்தானையை வாயில் பொத்தியவர்கள் அதை எடுத்துவிட்டே சிரிக்கத் தொடங்கினார்கள். சுமதி மட்டும் சிரிக்காமல், மீதி மூன்று டின்களையும் வாங்கிக்கொள்ளக் காரை நோக்கி நடந்தார். லேபிளில் அவர் பெயர் இருந்ததே.

முதலில் சிரித்தது யார் என்று கண்டுபிடிக்க ராசாங்கம் எங்களை நியமிக்கவில்லை.